தலை தீபாவளிக்குக் கிளம்பிய வீடு

கோபம் வந்தால் சில பேர் சாப்பிடாமல் இருப்பார்கள், சில பேர் பேசாமல் இருப்பார்கள். ஸ்ரீநிவாசன் வீட்டையே கிளப்பிக்கொண்டு போனார். அதுவும் எங்கே? மேற்குத் தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூருக்கு. மின்சார ரயிலில் ஏறி ஜன்னலோரம் கண் அசந்தால் ஊர் தாண்டிப் போய்விடும், அவ்வளவு தூரம்தான். அதற்கு ஒரு கேரவன்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் அந்தக் கேரவன் தெருவுக்குள் நுழையப் பார்த்தது. முடியவில்லை. கேபிள் டிவி ஒயரில் பாதியை மேலே வாரிப் போட்டுக்கொண்டு, முனையிலேயே நின்று மூச்சு விட்டது. எதிர் ஃபிளாட் பால்கனியில் ஈரத்துணி காயப்போட வந்த பெண்கள் துணியை மறந்து பார்த்தார்கள். அபிதகுஜாம்பாள் கையில் லேகிய டப்பாவுடன் வாசலில் நின்று, தான் கட்டிக்கொண்ட மனிதரை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். அவர் டிரைவருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியராக ஓய்வு பெற்றவர், எதற்கும் கையை ஆட்டாமல் இருக்க மாட்டார்.

விஷயம் இதுதான். வைகாசியில் அவர்களுடைய ஒரே பெண் நித்யஸ்ரீக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ராகவேந்திரா, காட்டாங்குளத்தூர் கல்லூரியில் லெக்சரர். நல்ல பையன், வாயே திறக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் அப்பா குருராஜன் திறப்பார். மனைவியை இழந்தவர், இன்சூரன்ஸில் அதிகாரியாக இருந்தவர், மைக்கைக் கண்டால் விடாத ஜாதி. முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. அலங்காரக்காரன் சரம்சரமாக விளக்கை மாட்டியதில் மண்டபத்து ஃப்யூஸ் போயிற்று. இருட்டில் தாலி கட்டி, செல்போன் வெளிச்சத்தில் அட்சதை போட்டு, ஒருவழியாகக் கரண்ட் வந்ததும் குருராஜன் மைக்கை எடுத்தார்.

"எங்க சம்பந்தி காலமெல்லாம் ஈ.பி.ல இருந்தவர். பழக்கதோஷம், பொண்ணு கல்யாணத்துலயும் கரண்ட்டை நிறுத்திட்டார்."

மண்டபமே சிரித்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அபிதகுஜாம்பாளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நல்லவேளை, அவர் பார்க்கவில்லை. அவர் பந்தி நடக்கிற இடத்துக்குப் போய், கையில் ஜாங்கிரியோடு நின்று சபதம் போட்டார்: அந்த ஆள் வீட்டு வாசப்படியை இந்த ஜென்மத்தில் மிதிக்கமாட்டேன். ஜாங்கிரியை முழுசாகத் தின்றுவிட்டுத்தான் சொன்னார், ஆனாலும் சபதம் சபதம்தான்.

குருராஜன் பிறகு காட்டாங்குளத்தூரில் கட்டி முடித்த புது வீட்டுக்குக் குடிபோனார். கிரகப்பிரவேசத்துக்கு இவர் போகவில்லை. அபிதகுஜாம்பாள் போய்விட்டு வந்தாள். நித்யஸ்ரீ உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தபோதும் பழக்கூடையோடு அவள் மட்டும்தான் போனாள். அப்புறம் டாக்டரம்மா ஒரு குண்டைப் போட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம், ஆடக்கூடாது அசையக்கூடாது, வண்டியில் போகக்கூடாது, மாடிப்படி ஏறி இறங்கவே கூடாது. தலை தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பிறந்த வீட்டுக்கு வரவேண்டும். பெண்ணால் வர முடியாது. அப்பா அங்கே போகமாட்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஸ்ரீநிவாசன் வீட்டில் தீபாவளிக்குக் குழந்தைக்கு எண்ணெய் வைப்பது அப்பாதான். அபிதகுஜாம்பாள் அடுப்படியில் பஜ்ஜியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள் என்பதால் ஆரம்பித்த வழக்கம். நித்யஸ்ரீக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. போன வாரம் போனில் அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: அப்பா வந்து வைக்காவிட்டால் எனக்கு எண்ணெயும் வேண்டாம், புடவையும் வேண்டாம், இப்படியே படுத்திருக்கிறேன். சொல்லிவிட்டு அழுதாள். பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்திருந்தாள். அபிதகுஜாம்பாளுக்கு அந்த அழுகைதான் காதை விட்டுப் போகவில்லை. அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். விடிந்தால் அவர் கை பெண்ணின் தலையில் படவேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ரீநிவாசன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காபி டம்ளரை டங்கென்று வைத்துவிட்டு விடையைச் சொன்னார்.

"பொண்ணு நம்மாத்துக்கு வரமுடியாது. நான் அவாத்துக்குப் போகமாட்டேன். நம்மாத்தையே அவா வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டா? அவ நாலடி நடந்து ஏறிடுவா. பொறந்த வீட்டு தீபாவளி. நான் எவன் வாசப்படியையும் மிதிக்கலே."

அபிதகுஜாம்பாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். அந்தப் புது வீட்டை அவர் பார்த்ததில்லை. ஹாலும் சமையலறையும்தான் கீழே. நித்யஸ்ரீயின் ரூம் மாடியில். டாக்டர் படியைத் தொடாதே என்று சொன்ன நாளிலிருந்து அவள் கீழே இறங்கவே இல்லை. வண்டியில் போகக்கூடாது என்றது அவர் காதில் விழுந்தது. மாடிப்படி என்றது விழவில்லை. ஆம்படையான் காதில் பாதிதான் விழும் என்று அவளுக்குத் தெரியும், மீதியை எப்போதும் அவள்தான் திருப்பிச் சொல்வாள். இந்தத் தடவை சொல்லவில்லை. வாசல்வரை வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முறுக்குக்கு மாவு பிசையப் போனாள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் சௌகத் அலி. தாம்பரம் சானடோரியம் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். பழைய வேன்களை வாங்கி உள்ளே கட்டில், கண்ணாடி, கழிப்பறை எல்லாம் வைத்து சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். பட்டறைக்கு லைன் வாங்கிய காலத்திலிருந்து ஸ்ரீநிவாசனைத் தெரியும். தீபாவளி சமயம் ஷூட்டிங் கிடையாது, வண்டி சும்மாத்தான் நிற்கிறது என்று அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏறும்போதே ஒரு விஷயம் சொன்னார்.

"சார், ஜெனரேட்டர் புட்டுக்கினு கீது. வூட்டு லைன்லேர்ந்து இழுத்துக்கலாம். ஆனா ஏசி, கீசர், அடுப்பு, மூணையும் ஒண்ணா போட்றாதீங்க. ஒண்ணு ஒண்ணா போடுங்க."

மின்சாரத்தைப் பற்றி எனக்குப் பாடமா என்று ஸ்ரீநிவாசன் சிரித்தார். சௌகத் அலியும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

பெருங்களத்தூர் வரைக்கும் பிரயாணம் பிரமாதம். பெருங்களத்தூரில் பிரயாணம் முடிந்தது. சென்னையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஊருக்குக் கிளம்பினால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. ஐப்பசி மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. தலையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஜி.எஸ்.டி. ரோட்டின் பாதியை ஜனங்கள் எடுத்துக்கொண்டு, ஓடாத பஸ்ஸையெல்லாம் துரத்தினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட கேரவன் ஒன்று வந்து நின்றால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

முதலில் ஒரு பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். அப்புறம் நாலு பேர். யார் உள்ளே என்று டிரைவர் ஜன்னலில் கேட்டார்கள். சௌகத் அலி சாதாரண மனிதர்தான், ஆனால் அவருக்கும் பொழுது போகவேண்டாமா? பெரிய ஆளு, தூங்குறாரு, சத்தம் போடாதீங்க என்றார். அவ்வளவுதான். பஸ்ஸை விட்டுவிட்டு ஜனங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். செல்போன்கள் உயர்ந்தன. யாரோ ஒரு பெயரைச் சொல்ல, இன்னொருவர் அவர் இல்லை இவர் என்று அடித்துச் சொன்னார். சுற்றி நின்ற பாதிப் பேர் விசில் அடித்தார்கள். ஸ்ரீநிவாசன் திரையை இழுத்து விட்டுக்கொண்டு கட்டிலின் மூலைக்கு நகர்ந்தார்.

வேறு வழி இல்லாமல் அபிதகுஜாம்பாள் கதவைத் திறந்தாள். சுங்குடிப் புடவை, மூக்குத்தி, கையில் இன்னும் லேகிய டப்பா. கூட்டத்தின் முகம் விழுந்ததைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. நல்லவேளை, ஒரு பெண்மணி காப்பாற்றினாள். இவங்களை நான் சீரியல்ல பாத்திருக்கேன், மாமியாரா வருவாங்க என்றாள். கூட்டம் உடனே நம்பிவிட்டது. அபிதகுஜாம்பாள் மறுக்கவில்லை. மழையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். ஒரு குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். எந்த சேனல் என்று கேட்டவருக்கு, எல்லா சேனலிலும்தான் என்றாள். கால் மணி நேரம் நடிகையாக இருந்துவிட்டு உள்ளே வந்தபோது ஸ்ரீநிவாசன் கேட்டார், வெட்கமாக இல்லையா என்று. அவள் டப்பாவை அலமாரியில் வைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பிவரும் ஆசாமிக்கு இருக்கிற வெட்கம்தான் எனக்கும் என்றாள். அவர் வண்டலூர் தாண்டும்வரை திரையிடுக்கு வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரயிலில் போயிருந்தால் காலை டிபனுக்குப் போயிருப்பார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குருராஜன் கேட்டில் நின்றிருந்தார். கேரவன் அவர் வீட்டுப் போர்ட்டிகோவை விடக் கொஞ்சம் உயரமாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு சம்பந்திகளும் இரண்டடி இடைவெளியில் நின்றுகொண்டு ராகவேந்திரா மூலமாகப் பேசினார்கள். கரண்ட் வேண்டும் என்று இவர் அவனிடம் சொன்னார். போர்ட்டிகோவில் ப்ளக் இருக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்லு என்று அவர் அவனிடம் சொன்னார். ஈ.பி. இன்ஜினியர் சம்பந்தியிடம் கரண்ட் கடன் கேட்கிற காட்சியை மைக் இல்லாமல் வீணாக்குகிறோமே என்ற வருத்தம் குருராஜன் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அந்தப் பெண் மாடியில் அழுவது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கேபிளை மாட்டி, படியை இறக்கி, வாசலில் அகல் ஏற்றிவிட்டு ஸ்ரீநிவாசன் கம்பீரமாக நின்றார். நித்யாவை அழைத்துவரச் சொன்னார்.

ராகவேந்திரா அவரையும் மாமியாரையும் மாறிமாறிப் பார்த்தான். "மாமா, அவ மாடில இருக்கா. படி இறங்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காளே. மாமிக்குத் தெரியுமே."

ஸ்ரீநிவாசன் மெதுவாகத் திரும்பினார். அபிதகுஜாம்பாள் புதுப் புடவையின் விலைச்சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ரொம்பக் கவனமாகக் கிழித்தாள். அவர் அண்ணாந்து பார்த்தார். மாடி ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டு ஆடியது. கட்டிலில் படுத்தபடியே நீட்டியிருப்பாள், முகம் தெரியவில்லை. அவரும் கையை உயர்த்தி ஆட்டினார். ஆட்டி முடித்துவிட்டு வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அபிதகுஜாம்பாள் தன் திட்டம் மண்ணாகிவிட்டது என்றே நினைத்தாள். வாசலுக்கு வந்தால் மனசு கரைந்துவிடும் என்று கணக்குப் போட்டது தப்பு, இந்த மனிதர் வாசலிலேயே உட்கார்ந்து காய்ந்துவிடுவார் போலிருக்கிறது. அவள் மாடிக்குப் போய்ப் பெண்ணின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். நித்யஸ்ரீ ஒன்றே ஒன்று கேட்டாள், அப்பா வரமாட்டாரா என்று. அபிதகுஜாம்பாள் அவள் போர்வையை இழுத்துவிட்டாள். அவர் மேல் வந்த ஆத்திரத்தில் அவளுக்குக் கொஞ்ச நேரம் தூக்கமே வரவில்லை.

விடியற்காலை எங்கோ முதல் சரவெடி வெடித்தபோது அவள் எழுந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேரவன் கதவு திறந்து, உள்ளே முழுக்க வெளிச்சம். ஸ்ரீநிவாசன் சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெயை ஊற்றி, மிளகும் வெற்றிலையும் போட்டு உள்ளே கரண்ட் அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று நினைத்திருப்பார். மாப்பிள்ளை குளிக்க வெந்நீர் வேண்டும், பிறந்த வீட்டு மரியாதை ஆயிற்றே, கீசரைத் தட்டினார். ராத்திரி முழுக்கப் போட்ட ஏசியை அணைக்க மறந்திருந்தார்.

டப்பென்று ஒரு சத்தம். கேரவன் இருண்டது. அதோடு வீடும் இருண்டது. ஃபேன் நின்றது, கீழே ஃப்ரிட்ஜ் முனகல் நின்றது. தூக்கக் கலக்கத்தில் இருந்த நித்யஸ்ரீ பயந்துபோய் அம்மா என்று கத்தினாள்.

அந்த ஒரு சத்தம் போதுமாக இருந்தது. கீழே கேட் இடிபட்டது. யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம். "மெயின் எங்கே? மெயின் எங்கே இருக்கு?" என்ற குரல். அபிதகுஜாம்பாள் செல்போன் வெளிச்சத்தோடு மாடிப்படி முனைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். படிக்குக் கீழே மெயின் போர்டின் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டி, பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு ஸ்ரீநிவாசன் நின்றிருந்தார். ஓடிவந்த ஓட்டத்தில் கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார், அந்த மட்டும் இன்ஜினியர் புத்தி வேலை செய்திருந்தது. பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு குருராஜன்.

ஸ்விட்சை மேலே தள்ளினார். வீடு முழுக்க வெளிச்சம் வந்தது. வெளிச்சம் வந்த பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று. ஸ்ரீநிவாசனும் பார்த்தார். அவர் நின்றது சம்பந்தி வீட்டு ஹாலுக்குள்ளே.

வண்டியின் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சௌகத் அலி வாசலில் தலையை நீட்டி, சொன்னேனே சார் என்று ஆரம்பித்து, நிலைமையைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். குருராஜனின் வாய் திறந்தது. அபிதகுஜாம்பாள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாய்க்குள் என்ன வாக்கியம் தயாராக இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போனமுறை பொய்யாகச் சொன்னது, இந்தமுறை சத்தியமான உண்மை. மைக்குக்காகவே பிறந்த மனிதருக்கு இதைவிட ஒரு சந்தர்ப்பம் ஆயுசுக்கும் வராது. குருராஜன் வாயை மூடிக்கொண்டார். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

"சொல்லுங்கோ," என்றார் ஸ்ரீநிவாசன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே, சம்பந்தி."

"அதான் சொல்லச் சொல்றேன். இந்தத் தடவை நெஜமாவே நான்தான் நிறுத்தினேன்."

குருராஜன் அணைந்த மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, மைக் இல்லாத குரலில் சொன்னார். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது. சபை சிரிக்கறதேன்னு சொல்லிட்டேன். நீங்க எழுந்து போனதைப் பார்த்தேன். அப்புறம் எனக்கு அந்தச் சாப்பாடே எறங்கலே."

ஸ்ரீநிவாசன் மெயின் போர்டின் கதவைச் சாத்தினார். அது சரியாகச் சாத்தவில்லை, மறுபடி திறந்து சாத்தினார். கீல் லூஸாக இருக்கிறது, ஒரு ஸ்க்ரூ போடணும் என்று சம்பந்தியிடம் நேரடியாகச் சொன்னார். ராகவேந்திராவைத் தேடவில்லை. அபிதகுஜாம்பாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இந்தத் தடவை முந்தானையைத் தேடவில்லை.

சௌகத் அலி கேரவனிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து நீட்டினார். ஸ்ரீநிவாசன் வாங்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறினார். அந்த மூட்டு வலிக்கார மனிதர் இவ்வளவு வேகமாக ஏறி அபிதகுஜாம்பாள் பார்த்ததில்லை. நித்யஸ்ரீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஐந்து மாதத்துக் கோபமும் அவள் உதட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, செருப்போட வந்திருக்கே."

அவர் குனிந்து பார்த்தார். ஆமாம், செருப்பு. சட்டென்று அவர் முகத்தில் ஒரு பழைய ஒளி வந்தது. கால் படவே இல்லையே என்றார். மிதித்ததெல்லாம் செருப்புதானாம், சபதம் அப்படியே இருக்கிறதாம்.

"சரின்னா, இருக்கட்டும்," என்றாள் அபிதகுஜாம்பாள். "இப்ப அதைக் கழட்டிப் போட்டுட்டு உள்ளே வாங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். மாடி விஷயத்தை அவள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் பார்த்தார் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு செருப்பை அறை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். கிண்ணத்தில் விரலை நனைத்து மகளின் உச்சியில் வைத்தார். நித்யஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"எண்ணெய் சூடே இல்லையேப்பா," என்றாள்.

ஸ்ரீநிவாசன் இன்னும் கொஞ்சம் எண்ணெயை எடுத்துத் தேய்த்தார்.

"என்ன பண்றது? யாரோ கரண்ட்டை நிறுத்திட்டா," என்றார், கீழே கேட்கும்படி நன்றாகச் சத்தமாக.

கீழே ஹாலில் குருராஜன் சிரிக்கும் சத்தம் கேட்டது.